சிறப்பு இருக்கை வசதி

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஹம்சவேணி மேடத்தைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. கேன்டீன் வடையில் தொடங்கித் துணைவேந்தரின் தலைச்சாயம் வரைக்கும் எதையும் விட்டுவைக்காத ஊழியர்கள்கூட, மேடத்தின் பெயர் வந்தால் குரலைத் தாழ்த்தி, "அவங்க வேற மாதிரிப்பா" என்பார்கள். ஆங்கிலத் துறையில் பேராசிரியை. கூடுதல் பொறுப்பாக மாற்றுத்திறனாளி மாணவர் சேவை மையத்தின் தலைவி. மதுரை கிருஷ்ணராயர் தெப்பக்குளத் தெருவில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, அதற்கு இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஏறி வந்துபோகிறவர்.

அந்தக் கூடுதல் பொறுப்பு வந்து சேர்ந்த கதை ரொம்பச் சின்னது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: இப்படியொரு மையம் உடனே வேண்டும், அதற்கொரு தலைவரும் வேண்டும். பேராசிரியர்களைக் கூட்டிக் கூட்டம் போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மாட்டுத்தாவணி நெரிசலில் பஸ் நின்றுவிட, மேடம் இருபது நிமிஷம் தாமதமாக உள்ளே நுழைந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே அவர் கும்பிட்டார். அதைச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் வாசலில் ஒரு பலகை மாட்டியதோடு கடமை முடிந்தது என்றிருப்பார். மேடம் அப்படி விடவில்லை. சக்கர நாற்காலிக்கான சறுக்குப்பாதையை மறித்து நிற்கும் புல்லட்டுகளின் சொந்தக்காரர்களைத் தேடிப்பிடித்துத் திட்டினார். முப்பத்தொரு மாணவர்களின் பெயரும், ஊரும், யாருக்கு என்ன தேவை என்பதும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. பார்வையற்ற பிள்ளைகளுக்காக, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, பாடப் புத்தகங்களையும் கைடுகளையும் தம் குரலில் போனில் வாசித்துப் பதிந்து அனுப்பினார். பிள்ளைகள் அதை இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டார்கள். அது மேடத்துக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட அவர் பெருமைப்பட்டது ஸ்கிரைப் விஷயத்தில்தான். பார்வையற்ற மாணவர் வாயால் விடை சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காகிதத்தில் எழுதுகிறவர்தான் ஸ்கிரைப். அந்தப் பாடம் தெரியாதவராக, படிப்பில் ஒரு படி கீழே இருப்பவராக இருக்க வேண்டும். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், கூடவோ குறையவோ கூடாது. ஒன்பது வருஷத்தில் ஸ்கிரைப் இல்லாமல் எந்தப் பிள்ளையும் தேர்வறையில் தவித்ததில்லை என்று ஆண்டறிக்கையில் மேடம் தவறாமல் எழுதுவார்.

ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் ஸ்கிரைப்களைக் கூப்பிட்டு டீ கொடுத்து, கடைசியாக ஒரு வார்த்தை சொல்வார்: "கொஞ்சம் பார்த்து எழுதுங்கப்பா."

அவ்வளவுதான் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பிள்ளை தடுமாறினால் நீ தடுமாறாதே. அது பாதி சொன்னால் நீ முழுசாக எழுது. மையத்தின் உதவியாளர் கருத்தக்கண்ணன் அதையே இன்னும் பச்சையாகச் சொல்வார்: "மாப்ள, பேனா உன்னுது, புண்ணியமும் உனக்கு."

அஸ்வினி, எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. செக்கானூரணி தாண்டி ஒரு ஊர். அப்பா பெயர் காளை; அவருக்கு ஒன்றரை ஏக்கரும் நான்கு மாடும். பிறவியிலேயே பார்வை கிடையாது, வாய் உண்டு. விடுதிச் சாம்பாரைப் பற்றி அவள் வார்டனிடம், "கண்ணு தெரியாட்டியும் இதுல பருப்பு இல்லைன்னு தெரியுது அக்கா" என்று சொன்னது வளாகம் முழுக்கப் பரவியிருந்தது. மேடத்துக்கு அவள் மேல் தனிப் பாசம். பாசம் என்றால், அவள் பேசும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சைக் கேட்டாரா என்பது வேறு விஷயம்.

நவம்பர் தேர்வில், 'உள்ளாட்சி நிர்வாகம்' தாளன்று, அஸ்வினிக்கு எழுத வேண்டிய பி.காம் மாணவி வரவில்லை. தாய்மாமன் மகளுக்குக் காதுகுத்து. போனை எடுக்கவே இல்லை. தேர்வு தொடங்க ஏழு நிமிஷம் இருந்தது.

"நானே எழுதுறேன்" என்றார் மேடம்.

தேர்வறைப் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். "ரூல்படி நீங்க எழுதக்கூடாதே மேடம். நீங்க டாக்டரேட்டு."

"ஆங்கிலத்துலதான சார் டாக்டரேட்டு. பஞ்சாயத்துல இல்லையே."

பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒன்பது வருஷத்தில் மேடம் தம் கையால் ஒரு பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சின்னக் கேள்விகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அங்கங்கே ஒரு சொல்லைத் திருத்தினார், நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைத்தார். ஆங்கில வகுப்பில் இருபத்தாறு வருஷம் திருத்தியே பழகிய கை. பிறகு இருபது மதிப்பெண் கேள்வி வந்தது: கிராம சபையின் சிறப்புகளையும் செயல்பாட்டையும் விவரிக்க.

அஸ்வினி ஒரே சீராகச் சொல்லத் தொடங்கினாள்.

"எங்கள் ஊர் கிராம சபைக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பதிவேட்டில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. வரவு செலவைப் பலகையில் எழுதி வைத்தார்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றேன். உடனே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மறுபடியும் கேட்டேன். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது, அந்தப் பிள்ளையை யாராவது வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். நாற்காலி கொடுத்து மைக் கொடுக்காத இடத்துக்குச் சபை என்று பெயர் வைக்கலாமா என்பது என் கேள்வி. கிராம சபையின் முதல் சிறப்பு, அது கூடுகிறது என்பது. இரண்டாவது சிறப்பு எதுவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை."

இரண்டாவது வரியிலேயே மேடத்தின் பேனா நின்றுவிட்டது. அவருக்குக் கோபம் இல்லை, நெஞ்சு பதறியது. பாவம், பிள்ளை நோட்ஸை மறந்துவிட்டது. மறந்துவிட்டு ஊர்க்கதையைச் சொல்கிறது. இருபது மார்க் அப்படியே போகப்போகிறது. அந்தக் கைடை அவர்தான் வாசித்துப் பதிந்திருந்தார். கிராம சபைப் பக்கத்தில் மூன்று தடவை இருமல் வந்து, மூன்று தடவை முதலிலிருந்து வாசித்ததில் அது மனப்பாடமே ஆகியிருந்தது. கை தானாக ஓடியது: கிராம சபை மக்களாட்சியின் ஆணிவேர். இதில் அனைத்துத் தரப்பினரும் ஆர்வத்துடன் பங்கேற்கின்றனர். வரவு செலவு விவரங்கள் பொதுமக்கள் பார்வைக்குப் பலகையில் வைக்கப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு இருக்கை வசதி செய்து தரப்படுகிறது.

அந்தக் கடைசி வாக்கியம் கைடில் கிடையாது. பிள்ளை சொன்னதில் ஏதாவது ஒன்றையாவது சேர்க்க வேண்டுமே என்று, அந்த நாற்காலியை எடுத்து மேடமே செய்துகொண்டது.

"இதை மட்டும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டுறீங்களா மேடம்?" என்றாள் அஸ்வினி.

மேடம் விடைத்தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிறகு அதில் இல்லாத ஒன்றை வாசித்தார். எங்கள் ஊர் கிராம சபைக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். கையெழுத்து, பலகை, நாற்காலி, கலர், ஒன்றும் விடவில்லை. ஒரு சொல் பிசகாமல் அவள் சொன்னது அத்தனையும் வாயிலிருந்து வந்தது. மைக் வந்த இடத்தில் லேசாகச் சிரிக்கவும் சிரித்தார்.

"சரியா இருக்கு மேடம்" என்றாள் அஸ்வினி.

சாயங்காலம் வீட்டில், கணவர் ராமதாஸிடம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: காதுகுத்து, ஏழு நிமிஷம், நான்கு மணி நேரம் எழுதியதில் வீங்கிய விரல், பிள்ளை ஊர்க்கதை சொன்னது, தாம் சமாளித்தது. ராமதாஸ் வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து விரலுக்கு வைத்தார். வாசித்துக் காட்டியதை மட்டும் மேடம் சொல்லவில்லை. ஏன் அதை மட்டும் விட்டோம் என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

ஜனவரியில் முடிவு வந்தது. மற்ற தாள்களில் ஐம்பதும் அறுபதுமாக வாங்கிய அஸ்வினிக்கு உள்ளாட்சியில் எண்பத்தொன்று. அவள் தேர்வுப் பிரிவுக்குப் போய் விடைத்தாளின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். "எண்பத்தொண்ணு வாங்கிட்டு நகல் கேக்குற மொத ஆளு நீதாம்மா" என்றார் அங்கிருந்த எழுத்தர். மேடத்தின் காதுக்கு அது வந்தபோது, ஆசைக்குச் சட்டம் போட்டு மாட்ட வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நகல் கிடைத்தது இருபத்து நான்காம் தேதி; அதில் கிராம சபைக்கு மட்டும் இருபதுக்குப் பதினெட்டு. குடியரசு தின விடுமுறைக்கு அன்றைக்கே அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் மையத்துக்குள் கோலைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள். கருத்தக்கண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா" என்றார் மேடம்.

"வேணாம் மேடம். ஊர்ல நெறைய உக்காந்துட்டேன்."

குரலில் ஏதோ இருந்தது. மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"இருவத்தாறாம் தேதி கிராம சபை மேடம். நகலைக் கொண்டுபோயி நம்ம ஊராட்சிச் செயலர் அண்ணன்ட்ட குடுத்தேன். அண்ணே, நம்ம சபையைப் பத்தி யுனிவர்சிட்டி பரீச்சையில எழுதியிருக்கேன், பதினெட்டு மார்க்கு போட்டிருக்காங்க, மைக்குல வாசிங்கன்னேன். போன தடவ சத்தம் போட்ட புள்ளையில்ல, என்ன எழுதியிருக்கோன்னு அவருக்குப் பயம். பேப்பர் சலசலங்குறது எனக்கே கேக்குது."

மேடத்துக்கு முதுகில் வியர்த்தது. விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வாசிக்க வாசிக்க அவருக்குக் குரல் ஏறுது மேடம். ஆணிவேருங்குறாரு, ஆர்வத்துடன் பங்கேற்கின்றனருங்குறாரு. சிறப்பு இருக்கை வசதின்னதும் தலைவர் எந்திரிச்சுக் கை தட்டுனாரு. ஊரே தட்டுச்சு. எங்கப்பனும் தட்டுனாரு. எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. வரவு செலவ வாசிக்கச் சொல்லி அஞ்சாவது தடவையா கேக்கலாம்னு போனவ, பொன்னாடையோட அதே நாற்காலியில உக்காந்துட்டு வந்தேன்."

கருத்தக்கண்ணன் சிரிக்க வாயெடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, பீரோவைத் துடைக்கப் போனார்.

"உனக்கு மார்க் போயிருமேன்னுதாம்மா" என்றார் மேடம். சொல்லும்போதே அது எவ்வளவு இளைத்த வார்த்தை என்று அவருக்கே கேட்டது.

"போகட்டுமே மேடம். என் மார்க்குத்தான."

"நீ நோட்ஸை மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"நோட்ஸ் எனக்கு மனப்பாடம். உங்க இருமலோட சேத்து மனப்பாடம். அது பொய்யின்னுதான் வேற சொன்னேன்."

பிறகு அஸ்வினி, மேடம் எதற்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரோ அதைக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. சந்தேகம் கேட்கிற மாணவியைப் போலக் கேட்டாள்.

"நான் வாசிச்சுக் காட்டச் சொன்னேனே மேடம். நீங்களும் வாசிச்சீங்க. பேப்பர்ல இல்லாததை எப்படி வாசிச்சீங்க?"

மேடத்தால் தலை நிமிர முடியவில்லை. எதிரே இருப்பவளுக்குத் தம் முகம் தெரியாது என்ற நினைப்பு ஒரு கணம் ஆறுதலாக வந்தது. வந்த வேகத்தில், அன்றைக்கும் இதே நினைப்பைத்தானே நம்பினோம் என்று தோன்றியது. இத்தனை வருஷமாகக் கருணை என்று எழுதி வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே இது கிடக்கிறது.

"மார்ச் மாசம் துணைத் தேர்வு வருது மேடம்" என்றாள் அஸ்வினி. "இந்த மார்க்க ரத்து பண்ணிட்டு நான் மறுபடி எழுதணும். லேப்டாப்புல நானே எழுதணும். லேப்டாப் கேட்டு ரெண்டு தடவ மனு குடுத்திருக்கேன், உங்க பீரோவுலதான் இருக்கும்."

இருந்தது. ஸ்கிரைப் இருக்கும்போது இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த வீண் சிரமம் என்று அனுதாபத்தோடு மேடம்தான் உள்ளே வைத்திருந்தார்.

கருத்தக்கண்ணன் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, வெவரம் இல்லாமப் பேசாத. புகாருன்னு போனா மொதல்ல உன் ஹால் டிக்கெட்டத்தான் புடிப்பாங்க. ஆள் வச்சு எழுதுன கேஸு. மூணு வருஷம் பரீச்சையே எழுதவிட மாட்டாங்க."

"தெரியும்ணே. எனக்குத் தெரியாமத்தான் மாத்துனாங்கன்னு மேடம் எழுதிக் குடுத்தாத்தான் நான் தப்பிப்பேன். பிப்ரவரி பத்து வரைக்கும் பாப்பேன். குடுக்கலைன்னா நானே குடுப்பேன். மூணு வருஷம்னா மூணு வருஷம். வாரேன் மேடம்."

கோல் தட்டும் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டு ஓய்ந்தது. எழுதிக் கொடுத்தால் மேடத்தின் பேர் போகும். எழுதாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் போகும். கணக்கு எளிதுதான். ஆனாலும் மேடம் ஆறு நாள் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். தாம் மட்டுமா செய்தோம், ஒரே ஒரு தடவைதானே என்று மனம் ஆள் சேர்த்தது. ஆள் சேர்க்கப் போன இடத்தில்தான் பழைய பிள்ளைகளின் நினைப்பு வந்தது. பார்த்து எழுதுங்கப்பா என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்.

சோணையைக் கூப்பிட்டார். மையத்தின் முதல் மாணவன், பார்வையற்றவன், இப்போது சோழவந்தானில் ஒரு வங்கியில் வேலை. எந்த மேடையிலும் மேடம் முதலில் சொல்லும் பெயர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தான்.

"மேடம், சொல்லுங்க. நல்லாருக்கீங்களா?"

"சோணை, ஒண்ணு கேக்கணும். உனக்குப் பரீச்சை எழுதுனாங்களே, நீ சொன்னதைத்தான் எழுதுனாங்களா?"

எதிர்முனையில் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது. "எதுக்கு மேடம் இப்ப அது?"

"சொல்லுப்பா."

"நான் ஒரு வரி சொல்லுவேன். அந்தப் பையன் ஒண்ணரை நிமிஷம் எழுதுவான். பேனா ஓடுற சத்தம் கேக்காதா மேடம்?"

"அப்பவே தெரியுமா?"

"எல்லாப் பேப்பர்லயும் தெரியும்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான். எங்களுக்காக அம்புட்டுப் பாடுபடுறீங்க, நொட்டம் சொல்ல மனசு வரல. மேடத்துக்கிட்ட யாரும் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்குள்ள பேசி வச்சிருந்தோம்." கொஞ்சம் நிறுத்தி, "பேங்க் பரீச்சை நான் கம்ப்யூட்டர்ல நானே எழுதுனது மேடம். அதுல ஒண்ணும் சந்தேகம் வேணாம்" என்றான். அதை மட்டும் கொஞ்சம் அவசரமாகச் சொன்னான்.

மேடம் போனை வைத்தார். ஒன்பது வருஷமாக அந்த மையத்தில் சலுகை வாங்கிக்கொண்டிருந்தது யார் என்று இப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பேராசிரியையைப் பார்த்துப் பார்த்து நடத்தியிருக்கிறார்கள்.

மறுநாள் தேர்வாணையருக்குக் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் அஸ்வினிக்கு ஒரு பிரதி போனில் அனுப்பினார். அரைமணி நேரத்தில் குரல்பதிவு வந்தது.

"மேடம், லெட்டரைப் போன் வாசிச்சுச்சு. 'தேர்வரின் நலன் கருதிச் சிறு மொழித் திருத்தங்கள் மேற்கொள்ளப்பட்டன'ன்னு இருக்கு. இதுலயும் ஒரு நாற்காலியத் தூக்கிப் போட்டுட்டீங்க. யாரு மேற்கொண்டாங்கன்னே இல்ல. வாசிச்சுக் காட்டுனதையும் காணோம்."

இரண்டாவது கடிதம் ஐந்து வரிதான். அதை எழுத ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. அஸ்வினி சொன்ன விடையை நான் எழுதவில்லை. கைடில் இருந்ததை எழுதினேன். வாசித்துக் காட்டும்படி அவர் கேட்டபோது, எழுதியதை வாசிக்காமல் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி ஏமாற்றினேன். அவருக்கு இது தெரியாது. ஒன்பது வருஷமாக ஸ்கிரைப்களை இப்படிச் செய்யத் தூண்டியதும் நான்தான். 'ஏமாற்றினேன்' என்ற சொல்லை மூன்று தடவை அடித்து, மூன்று தடவை திரும்ப எழுதினார். அஸ்வினியின் பதில் இந்த முறை ஒரே வார்த்தையில் வந்தது: "அனுப்புங்க."

தேர்வாணையர் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், மார்க் கம்மின்னு வருவாங்க. கூட இருக்கு, கொறைங்கன்னு இந்த யுனிவர்சிட்டியில யாரும் வந்ததில்ல. அதுக்கு ஃபார்மே கிடையாது."

"வெள்ளைத்தாள்ல எழுதியிருக்கேனே சார்."

"அதான் பயமா இருக்கு. ஒன்பது வருஷம்னு வேற போட்டிருக்கீங்க. அம்புட்டுப் பேரு டிகிரியையும் தோண்டச் சொல்றீங்களா? கடைசி வரிய எடுத்துட்டுக் குடுங்க. நிர்வாகக் காரணங்களால் மறுதேர்வுன்னு நான் முடிச்சு விட்டுர்றேன். உங்களுக்கும் அசிங்கம் இல்ல, எங்களுக்கும் இல்ல."

மேடத்துக்கு ஒரு நிமிஷம் அந்த வார்த்தை குளுகுளுவென்று இருந்தது. நிர்வாகக் காரணங்களால். எவ்வளவு வசதியான இருக்கை. உட்கார்ந்துவிடலாம்போலத்தான் இருந்தது.

"அசிங்கம் இருக்கட்டும் சார்" என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே தபால் பிரிவுக்கு வந்தார். எழுத்தர் முத்திரை குத்துவதற்கு முன் வழக்கம்போல மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து படித்தார். பிறகு நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். மேடம் அந்தப் பார்வையை நின்று வாங்கிக்கொண்டு, முத்திரை விழுந்த பிரதியையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

நான்கு மணிக்குள் வளாகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேடத்தின் பெயர் வந்தால் அப்போதும் குரலைத் தாழ்த்தினார்கள், காரணம்தான் வேறு. கேன்டீனில் அவர் நுழைந்தால் பேச்சு நின்று கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டில் ராமதாஸ் கடிதப் பிரதியை இரண்டு தடவை படித்தார். "வாசிச்சுக் காட்டினதை எங்கிட்டக்கூடச் சொல்லலியே" என்று மட்டும் கேட்டுவிட்டு, தட்டை எடுத்துவைக்கப் போனார். ஊர் பேசியதைவிட அது மேடத்துக்கு அதிகமாக வலித்தது.

விசாரணைக் குழு போட்டார்கள். அஸ்வினி மீது தவறில்லை என்று முடிவாயிற்று. உள்ளாட்சித் தாள் ரத்து. மார்ச் துணைத் தேர்வில் அவளே கணினியில் எழுதலாம், சோதனை முறையில். மேடத்துக்கு எழுத்து மூலம் கண்டனம். பழைய ஒன்பது வருஷத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மையப் பொறுப்பிலிருந்து தம்மை விடுவிக்கும்படி மேடம் கேட்டுக்கொண்டார். வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வராததால் தற்போதைய நிலையே தொடரும் என்று பதில் வந்தது. அந்தத் தண்டனையை மட்டும் குழு தெரியாமல் கொடுத்தது.

தேர்வன்று மேடம் கணினிக்கூடத்தின் வெளியே தாழ்வாரத்தில் நின்றார். உள்ளே போக வேலை இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அஸ்வினி தட்டெழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி தட்டுவாள், நிறுத்தி அதையே கேட்பாள், சில நேரம் மொத்தமாக அழித்துவிட்டு வேறு மாதிரித் தட்டுவாள். இந்தப் பெண் தன் வாக்கியத்தைத் தானே திருத்துவாள் என்பதை மேடம் அன்றைக்குத்தான் பார்த்தார். சன்னலுக்கு அப்பால் யானைமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நான்கு மணி நேரம் என்பது, எழுதாமல் நிற்கிறவருக்கு ரொம்ப நீளம்.

அவள் வெளியே வந்ததும் மேடம் தொண்டையைச் செருமினார், ஆள் இருப்பது தெரியட்டும் என்று.

"கிராம சபை கேட்டிருந்தாங்களா?"

"இல்ல மேடம். மாவட்டத் திட்டக்குழு வந்துச்சு. சுமாரா எழுதியிருக்கேன். அம்பத்தஞ்சு வரும்."

"அஸ்வினி, அந்தக் கிராம சபைப் பதிலை நீ மறுபடியும் சொன்னா, அப்படியே எழுதித் தாரேன். நீ ஊருக்குக் கொண்டுபோகலாம். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

அஸ்வினி கோலை விரித்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று மேடம் தேடினார். ஒரு வேலையை முடித்தவளின் களைப்புதான் இருந்தது.

"அன்னைக்கே சொல்லிட்டேனே மேடம். இனிமே நானே எழுதிக்கிருவேன்." பிறகு, "ஆரப்பாளையத்துல பஸ் மாறணும், வாரேன்" என்று படியிறங்கிப் போனாள்.

மேடம் அங்கேயே நின்றார். எங்கள் ஊர் கிராம சபைக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன் என்பதிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், ஒரு வரி விடாமல் அவருக்கு நினைவிருந்தது. பொய் சொல்ல மட்டும் பயன்பட்டது. வேறு எங்கும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.